கரையோரச் செடிகளை அறிய: போன் செயலியா, கைலென்ஸா?

நீர்த்தேக்கக் கரையில் குழுவாகச் செடி பார்க்கப் போனால், போன் செயலி படம் எடுத்த சில நொடிகளில் ஒரு பெயரைச் சொல்லிவிடும். பளிச்சென்று பூத்த செடிக்குப் பெரும்பாலும் அது போதும். ஆனால் நீர் இறங்கிய சேற்றில் நிறைய இருப்பது புல்லும் கோரையும். அங்கே செயலி தடுமாறும்.

10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் மெதுவான வழிதான். முதலில் தண்டை விரல்களுக்கு இடையே உருட்டுங்கள். கோரை என்றால் பெரும்பாலும் மூன்று விளிம்பு தட்டும், இலைகள் மூன்று வரிசையாக இருக்கும். புல்லுக்குக் கணுக்கள் உள்ள உருண்டைத் தண்டு, இரண்டு வரிசை இலைகள். அப்புறம் லென்ஸில் பூக்கதிரைப் பாருங்கள். ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுக்க, எல்லோரும் குனிந்து பார்த்த செடி எளிதில் மறக்காது. அதனால் குழுவுக்கு லென்ஸ்தான் என் தேர்வு. செயலியை முதல் ஊகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தின்னலாமா என்று முடிவுசெய்ய மட்டும் அதை நம்பவே வேண்டாம்.