ஆறடி பத்து அங்குல அகலத்தில் மூன்று சீசன்: எங்கள் நேரோபோட் அனுபவம்

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடுகிற ஒடுக்கமான படகுக்கு நேரோபோட் என்று பெயர். எங்கள் படகில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். வெளி அகலம் 6 அடி 10 அங்குலம். சமையல் மேடை, அலமாரி எல்லாம் போக நடக்கக் கிடைப்பது இரண்டடிச் சொச்சம். நீளம் 57 அடி. நானும் கணவரும் ஓய்வுபெற்ற கையோடு 2022 ஏப்ரலில் பழைய படகாக வாங்கினோம். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை படகு, குளிர்காலத்துக்கு மில்டன் கீன்ஸ் வீடு என்று மூன்று சீசன் ஓட்டியாயிற்று. வாங்கலாமா, முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு இதுவரை துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

அந்த அகலம் நம் விருப்பத்தில் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கால்வாய்கள் வெட்டியபோது லாக்குகளை, அதாவது படகை ஏற்றி இறக்கும் தொட்டிகளை, ஏழடி அகலத்துக்குக் கட்டினார். நிலக்கரியும் பீங்கானும் சுமந்த படகுகள் அந்த ஏழடிக்குள் நுழையும்படி செய்யப்பட்டன. அதே செங்கல் சுவர்களுக்கு நடுவில்தான் இன்று நாங்களும் போகிறோம். நீளத்தை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கலாம். எழுபது அடிப் படகுகளும் உண்டு. ஆனால் வடக்கே சில கால்வாய்களில் லாக்குகள் குட்டை, நீளமான படகு உள்ளே அடங்காது. 57 அடி என்றால் ஏறக்குறைய நாடு முழுவதும் போய்வரலாம் என்று என் கணவர் இரண்டு மாதம் வரைபடத்தோடு உட்கார்ந்து முடிவுசெய்தார்.

லாக் என்பது மேல்மட்டக் கால்வாய்க்கும் கீழ்மட்டக் கால்வாய்க்கும் நடுவே, இரண்டு பக்கமும் கதவு போட்ட ஒரு தொட்டி. படகை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, தண்ணீரை நிரப்பினால் படகு ஏறும், வடித்தால் இறங்கும். தண்ணீரைத் திறக்கும் பலகைக்குப் பேடில் என்று பெயர். துடுப்பு என்று நினைத்துவிட வேண்டாம், நம் ஊர் ஏரி மதகில் இருக்கிற ஷட்டர் மாதிரி. விண்ட்லாஸ் என்ற கைப்பிடியை மாட்டிச் சுற்றினால் அது மேலே வரும். ஒவ்வொரு தடவையும் லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே போகிறது. அதனால் எதிரே படகு வருகிறதா என்று பார்த்து, வந்தால் அவர்களை முதலில் விடுவதுதான் இங்கே மரியாதை. ஒரே தொட்டித் தண்ணீரில் ஒருவர் ஏற, இன்னொருவர் இறங்கிவிடலாம்.

முதல் இரண்டு மாதம் அவர் சுக்கானைப் பிடித்தார், நான் கரையில் இறங்கி லாக் வேலை பார்த்தேன். கால்வாயில் பார்க்கிற பெரும்பாலான தம்பதிகள் இப்படித்தான் போகிறார்கள். யாரும் யோசித்து வைத்த ஏற்பாடு இல்லை. யோசித்தால் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? லாக் கதவின் கை ஒரு முழு மரத்தடி. அதை முதுகால் தள்ள உடம்பில் பலம் வேண்டும். படகு ஓட்டக் கவனம் போதும்.

எங்களுக்கு இது உறைத்தது ஆக்ஸ்ஃபர்ட் கால்வாயில் சோமர்டன் என்கிற இடத்தில். அங்குள்ள லாக் 12 அடி ஆழம். கீழ்ப்பக்கம் ஒற்றைக் கதவு, பெரிய கனம். மேல்கதவுக்கு அடியில், தண்ணீருக்குள், சில் என்று ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். அது எதுவரை வருகிறது என்று சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். இறங்கும்போது படகின் பின்பக்கம் அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் நிற்க வேண்டும். அன்றைக்கு மழைத்தூறல். நான் கீழ்ப்பக்க ஷட்டரைத் திறந்துவிட்டேன், தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அடுப்பை அணைக்க ஒரு நிமிடம் உள்ளே போனார். அந்த ஒரு நிமிடத்தில் படகு மெல்லப் பின்னால் நகர்ந்து, சுக்கானின் அடித்தகடு திட்டில் உட்கார்ந்துவிட்டது. முன்பக்கம் இறங்குகிறது, பின்பக்கம் அப்படியே நிற்கிறது. உள்ளே தட்டுகள் சரிந்து விழும் சத்தம் முதலில் வந்தது. அவர் கத்துகிறார், எஞ்சின் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஷட்டரை உடனே இறக்கினேன். ஓடிப் போய் மேல்பக்கத்து ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். தண்ணீர் ஏறி, திட்டிலிருந்து படகு விடுபட்டு ஆடி நின்றபோது என் கைவிரல்கள் கைப்பிடியை விட மறுத்தன. இப்படி மாட்டிய படகு மூழ்க சில நிமிடமே போதும்.

அன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவர், "நாளையிலேருந்து நீ ஓட்டு" என்றார்.

"எனக்கு வராதுங்க."

"ஏப்ரல்ல எனக்கும்தான் வரல."

மறுநாள் மாறினோம். இந்த மூன்று வருடத்தில் நாங்கள் செய்த ஒரே பெரிய மாற்றம் எது என்று கேட்டால் பேட்டரியையோ சோலாரையோ சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன். கூடவே கைச்சைகை ஐந்து வைத்துக்கொண்டோம். வா, நில், பின்னால் போ, ஷட்டர் திறக்கிறேன், மூடு. மூடு என்கிற சைகைக்குக் காரணம் கேட்கக் கூடாது, உடனே மூட வேண்டும்.

படகு ஓட்டுவது பற்றி: பதினாறு டன் இருக்கும், பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் ரிவர்ஸ் போட்டுக் காத்திருக்க வேண்டும். சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் முன்பக்கம் வலப்பக்கம் திரும்பும். அதுவும் கார் மாதிரி இல்லை, நடுவில் ஆணி அடித்து வைத்தாற்போல் முன்னும் பின்னும் சேர்ந்து சுழலும். நியூட்ரலில் சுக்கான் அநேகமாக வேலையே செய்யாது. பயந்துபோய் எஞ்சினைக் குறைத்தால் கட்டுப்பாடும் போய்விடும், இதைப் பழகத்தான் எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. கால்வாயில் வேக உச்சவரம்பு மணிக்கு 4 மைல். நாங்கள் மூன்றைத் தாண்டுவதில்லை. கட்டி நிற்கிற படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் படகு இழுக்கிற தண்ணீரில் அவர்கள் அடித்த முளைகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதே ஆக்ஸ்ஃபர்ட் கால்வாயின் மேல்மட்டம்தான். பறவை பறந்தால் ஐந்து மைல்கூட வராத தூரத்துக்குக் கால்வாய் 11 மைல் சுற்றுகிறது. முடிந்தவரை மேட்டை வெட்டாமல், பள்ளத்துக்குப் பாலம் கட்டாமல், நிலத்தின் ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டே பாதை வகுத்திருக்கிறார் பிரிண்ட்லி. நம் ஊரில் ஏரிக்கு வரத்துக் கால் எடுத்தவர்களும் இதே புத்தியோடுதான் எடுத்திருப்பார்கள். ஒரு பண்ணை வீட்டை வலப்பக்கம் பார்த்தோம், அரை மணி கழித்து முன்னால் பார்த்தோம், பிறகு இடப்பக்கம். அவசரமாகப் போக வேண்டியவர்களுக்கு இது எரிச்சல். எனக்கு அந்த வீட்டுக் கொல்லையில் காய்ந்த துணிகள்கூட மனப்பாடம்.

சரி, படகுக்குள் வருவோம். வாங்கும்முன் ஆய்வு செய்தவர் பேட்டரிகள் நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்தார், இரண்டாம் வாரமே அவை படுத்துவிட்டன. முதல் குளிர்காலத்தில் லித்தியம் மாற்றி, கூரையில் மூன்று சோலார் தகடு போட்டோம். அதற்கப்புறம் மே முதல் ஆகஸ்ட் வரை மின்சாரக் கவலையே இல்லை. எஞ்சின் குறை வைக்கவில்லை. மணிக்கு ஒன்றரை லிட்டர் டீசலுக்கு மேல் குடித்ததில்லை. தினமும் ஓட்டி முடித்ததும் பின்பக்கத் தண்டுக்கு கிரீஸ் கப்பை ஒரு சுற்றுத் திருக வேண்டும், மறந்தால் தண்ணீர் சொட்டும். படகைத் தள்ளும் சுழலியில் (புரொப்பெல்லர்) குப்பை சுற்றிக்கொண்டால் எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, சுழலிக்கு மேலே உள்ள வீட் ஹாட்ச் மூடியைத் திறந்து கை விட்டு அறுக்க வேண்டும். பர்மிங்ஹாமுக்குள் ஒரே நாளில் மூன்று தடவை செய்தோம். ஒரு தடவை வந்தது முழு மெத்தை உறை. மூடியைத் திருப்பி இறுக்கமாகப் போட்டோமா என்று இருவரும் பார்ப்பது எங்கள் வழக்கம். அது தளர்ந்தால் படகுக்குள் தண்ணீர் வரும்.

கழிவறையைப் பற்றி யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை, வாங்கியபின் அதிகம் பேசப்போவது அதைப் பற்றித்தான். எங்கள் படகில் பம்ப்-அவுட் தொட்டி, அதாவது துறையில் இயந்திரம் வைத்து உறிஞ்சி எடுக்கிற கழிவுத்தொட்டி இருந்தது. மாதக்கணக்கில் கவலையில்லை என்று விற்றவர் சொன்னது ஓரளவு உண்மை. ஆனால் நிரம்பும்போது படகுத்துறை திறந்திருக்க வேண்டும், இயந்திரம் வேலை செய்ய வேண்டும், கட்டணமும் உண்டு. இரண்டாம் வருடம் கேசட்டுக்கு, அதாவது கழற்றி எடுக்கிற சின்னக் கழிவுப்பெட்டிக்கு மாறினோம். இருவருக்கு மூன்று நாள் தாங்கும், நாமே தூக்கிக்கொண்டு போய் எல்சன் என்கிற இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். வேலை அருவருப்புதான், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நான் கேசட்டையே சொல்வேன், இரண்டு கேசட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி எங்களுக்கு எட்டு ஒன்பது நாள் வரும். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்தின் முதல் கழுவலை முடிப்பது என்று பாட்டி வீட்டுப் பழக்கமெல்லாம் தானாகத் திரும்பி வந்தது.

ஸ்குவிரல் என்கிற சின்ன வார்ப்பிரும்பு அடுப்பு ஏப்ரல் குளிரை ஜாக்கெட் இல்லாமல் தாண்ட வைத்தது. கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி கண்டிப்பாக வேண்டும், காற்றோட்டத் துளைகளைக் குளிருக்காக எப்போதும் அடைக்கக் கூடாது. வெயில்தான் நாங்கள் எதிர்பாராதது. 2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி பதிவாயிற்றே, அன்று நாங்கள் ஆக்ஸ்ஃபர்டுக்கு வடக்கே இருந்தோம். இரும்புக் கூரை தோசைக்கல்லாகிவிட்டது. மரநிழல் தேடிக் கட்டி, ஈரப் போர்வையைக் கூரையில் விரித்து, பகல் முழுக்கக் கரையில் புல்லில் கிடந்தோம்.

2023இல் வேல்ஸ் எல்லை தாண்டி லாங்கோலன் கால்வாய். பான்ட்கசுல்தே நீர்ப்பாலத்தில் சுக்கானில் நின்றது நான். 1805இல் தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசாப்பும் முடித்தது, 307 மீட்டர் நீளம், டீ ஆற்றுக்கு மேல் 38 மீட்டர். நடைபாதைப் பக்கம் கைப்பிடிக் கம்பி உண்டு. மறுபக்கம் இரும்புத் தொட்டியின் விளிம்பு தண்ணீரை விட ஒரு சாண்கூட உயரமில்லை, அதற்கப்புறம் வெறும் காற்று. படகின் பின்னால் நிற்கிறவருக்கு நேரே கீழே மரங்களின் உச்சி தெரியும். அவர் முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் கதவில் எழுதியிருந்த படகின் பெயரை மட்டும் பார்த்துக்கொண்டு கடந்தேன். திரும்பி வரும்போதுதான் ஆற்றைப் பார்த்தேன்.

2024 வசந்தத்தில் மழை விடவே இல்லை. தேம்ஸ் நதிக்குள் நுழைந்து அபிங்டன் வந்ததும் லாக்கில் சிவப்புப் பலகை. நீரோட்டம் கடுமை, நகராதே என்று அர்த்தம். ஒன்பது நாள் அங்கேயே கிடந்தோம். கால்வாய் வேறு, ஆறு வேறு என்பதை வாங்குமுன் புரிந்துகொள்ளுங்கள். ஆற்றுக்கு நங்கூரம் வேண்டும், தேம்ஸுக்கு அனுமதிச்சீட்டும் தனி. தேம்ஸில் லாக் வேலையை அநேகமாக அங்குள்ள லாக் ஊழியர்களே பார்த்துவிடுவார்கள், நமக்கு முன்னும் பின்னும் கயிறு பிடிக்கிற வேலைதான்.

அப்புறம் ரெடிங்கிலிருந்து கென்னட் அண்டு ஏவன். 1810இல் முடிந்த கால்வாய், 20ஆம் நூற்றாண்டில் பாழ்பட்டு லாக்குகளில் செடி முளைத்துக் கிடந்தது. தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகள் சேற்றை வாரி மீட்டார்கள், 1990இல் எலிசபெத் அரசி வந்து திறந்துவைத்தார். டிவைஸஸ் ஊரில் 29 லாக்குகள் இரண்டு மைலுக்குள் 237 அடி இறங்குகின்றன. அதில் 16 ஒரே நேர்கோட்டில். இவை அகலமானவை, இரண்டு படகு பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். அறிமுகமே இல்லாத இன்னொரு தம்பதியோடு காலை எட்டரைக்குத் தொடங்கி, இரண்டு படகையும் ஒட்டியபடியே ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் அடுத்ததற்குக் கொண்டுபோய், இரண்டரைக்குக் கீழே வந்து சேர்ந்தோம். தன்னார்வலர் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர், எங்களோடு பத்து லாக் இறங்கினார். அவர் இளைஞராக இருந்தபோது இந்தத் தொட்டிகளில் மண்வெட்டியோடு நின்றவராம். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அப்படிப்பட்டவர்கள் இல்லையென்றால் நாங்கள் மிதந்த தண்ணீரே அங்கே இல்லை.

செலவு: கால்வாய்களைப் பராமரிக்கும் கனால் அண்டு ரிவர் டிரஸ்டுக்கான உரிமக் கட்டணம் எங்கள் நீளத்துக்கு ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டுகிறது. நிலையான கட்டுமிடம் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து கூடுதல் கட்டணம், அவர்கள் ஓரிடத்தில் பொதுவாக 14 நாளுக்கு மேல் தங்கவும் கூடாது. எங்களுக்கு பிரான்ஸ்டனில் மரினா என்கிற படகு நிறுத்துமிடத்துக்கு வாடகை தனி. காப்பீடு, நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்று, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி அடிப்பக்கம் கறுப்புப் பூச்சு. விடுமுறைக்கு மலிவான வழி என்று நினைத்து யாரும் வாங்காதீர்கள். விண்ட்லாஸ் மூன்றும் ஒரு வலுவான காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள், கைப்பிடி தண்ணீருக்குள் விழாத சீசன் இல்லை.

போன வாரம் பிரான்ஸ்டன் மரினாவில் படகைக் கட்டித் தண்ணீர்க் குழாய்களை வடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்துத் துறையில் படகு தேடி வந்த ஒருவர், விற்கிற எண்ணம் உண்டா என்று கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வரைபடத்தை எடுத்து லீட்ஸ் லிவர்பூல் கால்வாயைக் காட்டினேன். 57 அடி என்று பார்த்துப் பார்த்து வாங்கினோம், அந்தக் குட்டை லாக்குகளுக்குள் இன்னும் ஒரு தடவைகூடப் போகவில்லை. ஏப்ரல் முதல் வாரம் கிளம்புகிறோம்.