எபாக்சி ஏற்றிய இயற்கை ரப்பர்: 25-ஆ, 50-ஆ?

ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலத்தையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்க்கும்போது அங்கேயே உருவாகும் பெர்ஃபார்மிக் அமிலம், ரப்பரின் மூலக்கூறான பாலிஐசோப்ரீன் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளில் ஆக்சிஜனை ஏற்றி அவற்றை எபாக்சி வளையங்களாக்குகிறது (இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த சிறு வளையங்கள்). நூற்றுக்கு 25 பிணைப்புகள் மாறினால் அது ஈஎன்ஆர்-25 (ஈஎன்ஆர் என்பது எபாக்சி ஏற்றிய இயற்கை ரப்பரின் ஆங்கிலச் சுருக்கம்). பாதி மாறினால் ஈஎன்ஆர்-50. மலேசியாவில் இரண்டும் வணிக அளவில் தயாராகின்றன.

எண்ணெய் படும் குழாய்க்கும் சீலுக்கும் 50தான் பொருத்தம். சாதாரண ரப்பர் கனிம எண்ணெயில் ஊறிப் பருத்துவிடும் இடத்தில், இது எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரான நைட்ரைலுக்கு நெருக்கமாகத் தாக்குப்பிடிக்கிறது. காற்றைக் கசியவிடாமல் காப்பதில் பியூட்டைல் ரப்பரை ஒட்டி நிற்கிறது. ஆனால் எபாக்சி ஒரு மோல் சதவீதம் கூடும்போதெல்லாம் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை (அதற்குக் கீழே ரப்பர் கண்ணாடிபோல் விறைத்துவிடும்) ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் உயர்வதால், மைனஸ் 70-ஐ ஒட்டியிருந்த அந்த வெப்பநிலை மைனஸ் 20-ஐ நெருங்குகிறது. துள்ள வேண்டிய ரப்பர் அறை வெப்பநிலையிலேயே மந்தமாகிவிடுகிறது. (அதிர்வைத் தணிக்கும் திண்டுகளுக்கு இந்த மந்தமே வரம்.)

டயரின் மேல்தடத்துக்கு நான் 25-ஐயே எடுப்பேன். எபாக்சி வளையங்கள், வலுவூட்டக் கலக்கும் சிலிக்காத் தூளுடன் நேரடியாக ஒட்டிக்கொள்வதால், சிலிக்காவையும் ரப்பரையும் பிணைக்க வழக்கமாகச் சேர்க்கும் சிலேன் இணைப்பான் இல்லாமலே வலுவூட்டல் கிடைக்கிறது. ஈரச்சாலையில் பிடிப்பும் கூடுகிறது. இரண்டிலுமே, கந்தகத்தால் வல்கனைஸ் செய்தபின் (சங்கிலிகளைக் கந்தகத்தால் ஒன்றோடொன்று பிணைத்தபின்) உருவாகும் அமிலத்தன்மை வளையங்களைத் திறந்து நாளடைவில் ரப்பரை இறுகச் செய்யும் என்பதால், கால்சியம் ஸ்டியரேட் போன்ற காரப்பொருளைக் கலவையில் சேர்ப்பது அவசியம்.