பிஎல்ஏவுக்கு ஏற்ற ஜோடி பிபிஏடியா, ஸ்டார்ச்சா?

பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம் என்ற மக்கும் பிளாஸ்டிக்) உறுதியானதுதான். ஆனால் இழுத்தால் சுமார் 5 சதவீதம் நீள்வதற்குள் முறிந்துவிடும். அதனால் மக்கும் பொருட்கள் செய்பவர்கள் அதோடு இன்னொன்றைக் கலக்கிறார்கள். அதிகம் அடிபடும் பெயர்கள் இரண்டு: 500 சதவீதத்துக்கு மேல் நீளும் பிபிஏடி (இதுவும் மக்கும் பிளாஸ்டிக்தான்), விலை மலிவான ஸ்டார்ச் (மாவுச்சத்து). இரண்டுமே பிஎல்ஏவில் கரையாது. குறைந்த அளவில் சேர்த்தால் தனித்தனித் துளிகளாகவே நிற்கும்.

இந்தத் துளிகளைச் சிறிதாக்குவதுதான் கலக்குபவரின் வேலை. எக்ஸ்ட்ரூடர் (பிளாஸ்டிக்கை உருக்கிக் கலக்கித் தள்ளும் இயந்திரம்) திருகு துளியை இழுத்துப் பிய்க்கப் பார்க்கிறது, இடைமுக இழுவிசை (இரண்டு பொருள்கள் தொடும் பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசை) அதைத் திரும்ப உருண்டையாக்கப் பார்க்கிறது. இந்தப் போட்டிக்கு 1930களிலேயே பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் கணக்குப் போட்டுவிட்டார். துளியின் பாகுத்தன்மை (ஓடுவதற்குக் காட்டும் எதிர்ப்பு) சுற்றியுள்ள உருகலைவிட 4 மடங்குக்கு மேல் போனால், வெறும் சறுக்கு ஓட்டத்தில் (அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் ஓட்டம்) எவ்வளவு கலக்கினாலும் அது உடையாது.

பிபிஏடிக்கு இங்கே பிறவியிலேயே ஒரு சாதகம் உண்டு. அதுவும் பிஎல்ஏ போல பாலியெஸ்டர். இரண்டுக்கும் இடையிலான இழுவிசை மீட்டருக்கு 1 மில்லிநியூட்டனை ஒட்டித்தான் இருக்கும் (தண்ணீருக்கும் காற்றுக்கும் இடையே 72). பாகுத்தன்மை 1000 பாஸ்கல் நொடி, சறுக்கு வீதம் நொடிக்கு 100 என்று வைத்துக் கணக்கிட்டால், துளியின் ஆரம் சில நானோமீட்டர்தான் வர வேண்டும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மைக்ரோமீட்டர் அளவில் நிற்கிறது! உடைந்த துளிகள் மோதி மறுபடி ஒன்றுசேர்வதுதான் பெரிய காரணம். ஆகவே இழுவிசை எண்ணை மட்டும் காட்டி ஒரு கலவையை விற்பவரிடம் நான் கொஞ்சம் உஷாராகவே இருப்பேன்.

ஸ்டார்ச்சின் கதை வேறு. கிளிசரின் சேர்த்து உருக வைத்தாலும் அது நீரை விரும்பும் பொருள், பிஎல்ஏ அப்படியில்லை. இடைமுக இழுவிசை அதிகம், துளிகள் பெரிது, ஒட்டுதல் குறைவு. இழுக்கும்போது துளி பெயர்ந்து ஓட்டை விழும். போதாததற்கு ஸ்டார்ச்சில் மிஞ்சிய ஈரம் பிஎல்ஏவின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும். இதற்கு வழக்கமான வைத்தியம், மெலேயிக் அன்ஹைட்ரைடு என்ற வினைபுரியும் வேதிப்பொருள் ஒட்டிய பிஎல்ஏவைக் கொஞ்சம் சேர்ப்பது. அது ஸ்டார்ச்சின் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு வினைபுரிந்து இடைமுகத்திலேயே இணைப்புச் சங்கிலிகளை உண்டாக்குகிறது. இழுவிசை குறையும், சரி. அதைவிட முக்கியம், அந்தச் சங்கிலிகள் துளிகளை ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுப்பது. பிபிஏடி கலவையில் எபாக்சி சங்கிலி நீட்டிகளும் (சங்கிலி முனைகளை இணைக்கும் சேர்க்கைப் பொருள்கள்) கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கின்றன.

பைக்கான மெல்லிய ஃபிலிமை உருகலிலிருந்து பலூன் போல ஊதும்போது இன்னொரு விஷயம் சேர்கிறது. நீண்ட துளி உருண்டையாகத் திரும்ப ஆகும் நேரம், பாகுத்தன்மையை ஆரத்தால் பெருக்கி இழுவிசையால் வகுத்தால் வருவது. ஒரு மைக்ரோமீட்டர் துளிக்கு, மேலே சொன்ன எண்களில் சுமார் 1 நொடி. இழுவிசை 5 மடங்கானால் 0.2 நொடி. அதாவது இழுவிசை குறைவான பிபிஏடி கலவையில் நீண்ட துளி சுருங்குவதற்குள் ஃபிலிம் ஆறி, இழைகளாக உறைய வாய்ப்பு அதிகம். இழைகள் ஓடும் திசையில் வலு கூடும். அதே திசையில் பை சுலபமாகக் கிழியவும் செய்யும்.

பிசிஎல் (பாலிகேப்ரோலாக்டோன்) என்ற இன்னொரு மக்கும் பாலியெஸ்டரையும் சிலர் சொல்வார்கள். 60 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுவதால் சூடான எதற்கும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பைக்கு என் ஓட்டு பிபிஏடிக்கு. தடித்த தட்டுக்கு ஸ்டார்ச் போதும், ஆனால் இணைப்பு வினை இல்லாத மலிவுக் கலவையை வாங்காதீர்கள். அதன் வெட்டுக் கழிவை மீண்டும் உருக்கினால் துளிகள் இன்னும் பெரிதாகும்.