ஏற்காட்டில் ஒரு யூதத் திருமணம்: கிளெஸ்மர் குழு கொடுத்த காசுக்குத் தகுமா?

என் தங்கை மகளின் திருமணத்துக்காக, மாப்பிள்ளை வீட்டாரின் விருப்பப்படி ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த கிளெஸ்மர் குழுவைப் பற்றிய மதிப்புரை இது. கிளெஸ்மர் என்பது கிழக்கு ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களுடைய திருமண இசை. கொச்சி யூதர்களிடமோ மும்பையின் பெனே இஸ்ரேல் சமூகத்திடமோ இந்த வழக்கம் இல்லாததால், இங்கே பரம்பரையாக இதை வாசிக்கும் குழு கிடைக்குமென்று தேடி அலைவது வீண். நாதசுவரத்துக்கும் டீ.ஜே.வுக்கும் சேர்த்துக் கொடுப்பதைவிடப் பல மடங்கு செலவாகிறது. எழுந்து ஆட உறவினர்கள் தயார் என்றால் அந்தச் செலவு தகும். உட்கார்ந்து கேட்க மட்டும் என்றால் தகாது.

நாள் குறிப்பதிலேயே வேடிக்கை தொடங்கிவிட்டது. ஆதியாகமத்தில் மூன்றாம் நாள் படைப்பைச் சொல்லும்போது ‘நல்லது’ என்ற சொல் இருமுறை வருவதால், யூதர்கள் செவ்வாய்க்கிழமையைத் திருமணத்துக்கு உகந்த நாளாகக் கொள்கிறார்கள். நாமோ செவ்வாயன்று பெண் பார்க்கக்கூடக் கிளம்பமாட்டோம். திங்களன்று சேலத்தில் தாலி கட்டுவது, மறுநாள் மாலை ஏற்காட்டு விடுதியில் அவர்கள் முறை என்று முடிவாயிற்று. தை மாதமாக இருந்தும் விடுதி முழுவதும் எங்களுக்கே கிடைத்ததற்குக் காரணம் அந்தச் செவ்வாய்தான்.

குழுத் தலைவர் முன்கூட்டியே அனுப்பிய பட்டியலில் ஒரு தடித்த மரப்பலகையும், கைப்பிடி இல்லாத உறுதியான மர நாற்காலிகள் இரண்டும் இருந்தன. பலகை எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளை கண்ணாடிக் குவளையை மிதித்து உடைக்க வேண்டும், புல்தரையில் வைத்தால் அது மண்ணில் புதையுமே தவிர உடையாது என்று பிறகுதான் சொன்னார்கள். ஹுப்பா எனும் துணிப் பந்தலின் கீழ், துணியில் சுற்றிய குவளை அந்தப் பலகையின் மேல் நொறுங்கிய அதே நொடியில், ‘மஸல் தோவ்’ என்ற வாழ்த்துக் கூச்சலும் கிளாரினெட்டும் ஒன்றாகக் கிளம்பின. மூன்றாம் முடிச்சுக்குக் கெட்டிமேளம் பிந்தாதது போல, இவர்களும் அந்தச் சத்தத்துக்கு இம்மியும் பிந்தவில்லை. மலைக்குளிரில் சுருதி இறங்கிவிடும் என்று, கிளாரினெட் வாசிப்பவர் அதுவரை வாத்தியத்தைக் கோட்டுக்குள் அணைத்து வைத்திருந்ததை அருகில் நின்று பார்த்தேன்.

கிளாரினெட், வயலின், அக்கார்டியன், டபுள் பாஸ், மேளம் என ஐவர். அவர்களுடன் ஒரு நடன ஆசிரியையும் வந்திருந்தார். காசு தந்ததற்கு உண்மையான பலன் அவரால்தான் கிடைத்தது என்பேன். கைகோத்து வட்டமாக நின்று, ஒரு காலைப் பக்கவாட்டில் வைத்து, மறு காலை அதன் பின்னால் கொண்டுவந்து, மீண்டும் பக்கவாட்டில் நகர்ந்து, அடுத்து முன்னால் வைக்கும் அடியை அவர் மொழி தெரியாமலே கற்றுக்கொடுத்தார். ஓமலூரிலிருந்து வந்திருந்த எங்கள் அத்தைமார், கும்மியடித்துப் பழகியவர்களாதலால், கல்லூரிப் பையன்களுக்கு முன்பே அதைப் பிடித்துக்கொண்டார்கள். மணமக்களை நாற்காலியோடு தூக்கியபோது, கிளாரினெட்காரர் தூக்கியவர்களின் தோள்களையே கவனித்துக்கொண்டிருந்தார். ஒருவருக்குக் கை தளர்ந்ததும், மற்றவர்களுக்குச் சைகை காட்டி, மெட்டை நான்கே தட்டில் முடித்து நாற்காலியை இறக்கவைத்தார். பதிவு செய்த பாட்டு யாருடைய கை நோவையும் பார்க்காது.

என் தங்கைக்கு இது கடைசிப் பெண்ணின் திருமணம் என்பதால், மெஸின்கே என்ற ஆட்டமும் நடந்தது. கடைக்குட்டி மகளைக் கட்டிக்கொடுக்கும் பெற்றோரை நடுவில் உட்காரவைத்து, தலையில் பூவளையம் சூட்டி, சுற்றிலும் எல்லோரும் ஆடுவார்கள். சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் கட்டி வாங்கிவந்த சாமந்தி வளையம் மைத்துனரின் மூக்குவரை இறங்கிவிட்டது. அவர் அதைக் கழற்ற மறுத்துவிட்டார்.

விருந்தின்போது தாளமின்றி வாசித்த டோய்னா, ரொமேனியா வழியாக வந்த வடிவம். கேட்பதற்கு நம் ஆலாபனைக்கு நெருங்கியது. முதல் நாள் வாசித்த நாதசுவர வித்துவானும் விருந்துக்கு வந்திருந்தார். இலையில் கை வைத்தபடியே நிமிர்ந்து, “ஹேமவதிங்க இது!” என்றார். அவர் சொன்னது சரி. கிளெஸ்மர்காரர்கள் மிஷெபெராக் என்று குறிப்பிடும் முறையின் சுரங்கள் ஹேமவதி ராகத்தின் சுரங்களே. ஃப்ரைகிஷ் என்ற இன்னொரு முறை வகுளாபரண ராகத்தோடு ஒத்துப்போகும். ஆனால் விம்மலைப் போல நடுவே சுரத்தை அறுக்கும் கிரெக்ட்ஸ் என்ற அசைவு, நம் கமகங்களிலிருந்து வேறுபட்டது. 1920களில் நியூயார்க்கில் நஃப்டூலே பிராண்ட்வைன், டேவ் டாராஸ் ஆகிய கிளாரினெட் கலைஞர்கள் இசைத்தட்டுகளில் பதிந்துவைத்த பாணியே இது. இடையில் மங்கிப்போன இந்த இசையை, 1970களின் இறுதியில் அமெரிக்க இளைஞர்கள் அத்தகைய பழைய தட்டுகளைக் கேட்டுத்தான் மீட்டெடுத்தார்கள்.

குறைகளும் உண்டு. நாங்கள் அமர்த்திய ஒலிபெருக்கிக்காரர் மேளத்துக்கு வைத்த மைக்கில் வயலின் அடியோடு அமுங்கிப்போயிற்று. சாப்பாட்டுக்குப் பின் குழுவினர் எடுத்துக்கொண்ட ஓய்வு மிக நீண்டது. அதற்குள் பாதிப் பேர் சேலத்துக்குப் புறப்பட்டுவிட்டார்கள். கொண்டை ஊசி வளைவுகளை இருட்டில் இறங்க வேண்டியவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஓய்வு முடிந்து வந்ததும், கூட்டத்தைக் கவர நினைத்து, எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலப் பாட்டுகளை வாசித்தார்கள். அதற்கு இவ்வளவு தொலைவிலிருந்து யாரும் வரத் தேவையில்லை.

இரவு பத்து மணிக்குச் சட்டப்படி ஒலிபெருக்கியை நிறுத்தியதும் நிலைமை மாறியது. மைக் இல்லாமல் கூடத்துக்குள் வந்து, ஆடுபவர்களுக்கு நடுவிலேயே நின்று வாசித்த கடைசி அரை மணி நேரத்தில்தான் வயலின் முழுதாகக் கேட்டது. இப்படிப்பட்ட குழுவை அமர்த்துபவர்கள் மைக் செட்டுக்குத் தரும் காசை மிச்சப்படுத்தி நடன ஆசிரியைக்குக் கொடுக்கலாம். ஓய்வு எவ்வளவு நேரம் என்பதையும், வேற்றுப் பாட்டுகள் கூடாது என்பதையும் முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.