கலிஃபோர்னியால சான் ஹோசே பக்கம் ஒரு துப்பாக்கிக் கடை, 5க்கு 3.5

கடை பேர் வேணாம். கவுன்டர்ல இருக்கறவங்க பொறுமையா பேசறாங்க, ஆனா சனிக்கிழமை மட்டும் போயிடாதீங்க, கால் வலிக்க நிக்கணும். கிரீன் கார்டு வந்தப்புறம்தான் நான் போனேன், எச்1பில இருந்தா ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி ஏதாவது இல்லாம ஃபெடரல் சட்டமே, அதாவது நாடு முழுக்க இருக்கற மத்திய அரசு சட்டமே, வாங்க விடாது.

ஃபெடரல் பக்கம்னு பாத்தா நம்ம கைக்கு வர்றது 4473ன்னு ஒரு ஃபார்ம், அவ்ளோதான். அதுல கஞ்சா கேள்விய அந்த ஆளு விரல் வச்சே காட்டினாரு, இங்க கடை போட்டு விக்கறாங்க ஆனா ஃபெடரல் கணக்குல அது இன்னும் குத்தம், பொய்யா டிக் பண்ணா தனி கேஸ்.

மத்ததெல்லாம் ஸ்டேட் படுத்தற பாடு. 25 டாலர் கட்டி 30 கேள்வி டெஸ்ட், அதுல 23 சரியா வரணும், அப்புறம் லோட் பண்ணி அன்லோட் பண்ணி காட்டணும், அப்புறம் 37.19 டாலர் ஃபீஸு, சேல்ஸ் டாக்ஸ் போக 2024 ஜூலைல இருந்து 11 சதவீதம் வேற, இவ்ளோ அழுதாலும் 10 நாள் கழிச்சுதான் கைல குடுப்பாங்க. நான் போனப்போ கிளாக் பிராண்டு கைத்துப்பாக்கி கேட்டா பழைய மூணாவது ஜெனரேஷன்தான் இருந்துச்சு. டெக்ஸாஸ்ல, டல்லாஸ்ல இருக்கற என் ஃப்ரெண்டு அதே 4473 எழுதிட்டு அன்னிக்கே அஞ்சாவது ஜெனரேஷன எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டான், கடுப்பா இருக்குமா இருக்காதா!

ஆனா அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசியோட 2021 கணக்குல லட்சம் பேருக்கு துப்பாக்கிச் சாவு கலிஃபோர்னியால 9, டெக்ஸாஸ்ல 15.6, மிசிசிப்பில 33.9. சட்டம் ஒண்ணுதான் காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனாலும் இந்த 10 நாள் வெயிட்டிங்க நான் இப்போ திட்டறதில்ல. திட்டணும்னா ஃபெடரல் சட்டத்ததான் திட்டணும். 2019ல இங்க பக்கத்துல கில்ராய் பூண்டுத் திருவிழால சுட்டவனுக்கு 19 வயசு, அந்த ரைஃபிள இங்க வாங்கியிருக்கவே முடியாது, நெவாடால சட்டப்படி வாங்கிட்டு பார்டர் தாண்டி வந்துட்டான், செத்த 3 பேர்ல ஒரு குழந்தைக்கு வெறும் 6 வயசு. நம்ம ஸ்டேட் எவ்ளோ இறுக்கினா என்ன, பக்கத்து ஸ்டேட்டுக்கும் சேத்து ரூல் போட வாஷிங்டனாலதான் முடியும்.

மார்க் கொறச்சது ஏன்னா லாக் போதும்னு சொல்லியும் பெரிய சேஃப் ஒண்ண தலைல கட்டப் பாத்தாங்க. கைத்துப்பாக்கின்னா அட்ரஸ் ப்ரூஃப் கேப்பாங்க, கரன்ட் பில்ல எடுத்துட்டு போங்க, பார்க்கிங் பின்னாடி இருக்கு.