விதைப்பை ஸ்கேனா, டொக்டரின் கையா?

கலியாணமாகி மூன்று வருசம், பிள்ளை இல்லை. தம்பி முறையான ஒருவன் யாரிடமும் கேளாமல் நேரே ஸ்கேன் எடுத்துவிட்டான். இடப்பக்கம் வெரிகோசீல், அதாவது விதைப்பைக்குள் நாளங்கள் வீங்கிப் புடைத்திருப்பது, என்று றிப்போட். "ஒப்பரேஷன் செய்யவேணுமோ அண்ணா?" என்று நிலாவெளியிலிருந்து உச்சி வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். கவருக்குள் படம் மட்டும்தான். விந்துப் பரிசோதனை செய்யவில்லை; டொக்டர் ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

கையா ஸ்கேனா என்றால், வெரிகோசீலுக்கு நான் கையின் பக்கம். ஆளை நிற்க வைத்து, மூச்சை அடக்கி முக்கச் சொல்லித் தடவினால் புழுக்கூட்டம் போல நாளங்கள் தட்டுப்படும். அப்படித் தட்டுப்பட்டு, விந்திலும் குறை இருந்தால்தான் சத்திரசிகிச்சை பற்றிய பேச்சு. ஸ்கேனில் மட்டும் தெரிகிற வெரிகோசீலைத் தொடவேண்டாம் என்றே அமெரிக்க, ஐரோப்பிய சிறுநீரகவியல் சங்கங்கள் இரண்டும் சொல்கின்றன. நூறு ஆண்களில் ஏறத்தாழ 15 பேருக்கு வெரிகோசீல் உண்டு. அவர்களில் பலர் பிள்ளை பெற்றவர்கள்தான்.

கை தோற்கும் இடமும் உண்டு. விதையைச் சுற்றி நீர் கட்டியிருந்தால் உள்ளே கட்டி இருப்பது விரலுக்குப் பிடிபடாது. குளிர்ந்த ஜெல்லைப் பூசி ஸ்கேன் கருவியின் முனையை வைத்ததும் நீர் கறுப்பாகவும் கட்டி தனி நிறத்திலும் பிரிந்து தெரியும். அதே கருவியில் டொப்ளர் முறையைப் போட்டால் இரத்தம் ஓடுவதும் தெரியும். கதிர்வீச்சு இல்லை, நோவும் இல்லை. சந்தேகக் கட்டிக்கு ஸ்கேனை விட்டு வேறு வழி தேடத் தேவையில்லை.

ஆசனவாய் வழியாக எடுக்கும் ஸ்கேன் எல்லோருக்கும் அல்ல. விந்தின் அளவு 1.4 மில்லிலீற்றருக்கும் குறைந்து, விதைகள் நல்ல பருமனாய் இருந்தால், விந்து வரும் பாதையில் அடைப்போ என்று பார்க்க அது உதவும். எம்.ஆர்.ஐ. அதையே இன்னும் தெளிவாய்க் காட்டும், ஆனால் காசும் நேரமும் கூட. முதலிலேயே அதற்கு ஓடத் தேவையில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஒப்பீடே கூடாது. மூதூரில் ஒரு பெடியனுக்கு நடுச்சாமத்தில் திடீரென்று ஒரு விதை நொந்து, வாந்தியும் வந்தால், விடியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். விதை முறுகியிருந்தால் முதல் 6 மணித்தியாலம்தான் பொன்னான நேரம். டொக்டருக்கு உறுதியாகத் தெரிந்தால் ஸ்கேனுக்குக் காத்திராமல் ஒப்பரேஷன் தியேட்டருக்கே கொண்டுபோவார்கள்.

தம்பியிடம், இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் விலகியிருந்து விந்துப் பரிசோதனை செய்துவரச் சொன்னேன். "ஐயோ அண்ணா, வெக்கம் எண்டுதானே நேரே ஸ்கேனுக்குப் போனனான்" என்றான்.