தங்கச்சி மகனின் வலது கை

சிங்கப்பூரிலிருந்து இந்த முறை மன்னார்குடிப் பக்கம் ஊருக்குப் போனபோது, பெரும்பாலும் தங்கச்சி மகனோடுதான் சுற்றினேன். 6 வயது. பெருமூளை வாதத்தால் (மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு குன்றுவது) உடம்பின் வலப்பக்கம் பாதிப்பு. நடை ஓரளவு தேறிவிட்டது. கைதான், கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கி மூடியே கிடக்கும்.

முன்பு ஒரு தனியார் மையத்துக்குப் போனார்களாம். எண்ணெய் போட்டு நீவி, கரண்ட் வைத்து அனுப்பிவிடுவார்கள். வீட்டில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. காசு கரைந்ததுதான் மிச்சம்.

இப்போது போவது பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையம். அங்கே இயன்முறைப் பயிற்சி இலவசம். பிசியோதெரபிஸ்ட் முதலில் தங்கச்சியிடம், "அடுத்து இவனுக்கு எது தானா செய்ய வரணும்மா?" என்று கேட்டார். சட்டைப் பொத்தான் போடுவது என்றாள். சரி என்று வேலையை ஆரம்பித்தார்.

இடது கையில் துணி உறையை மாட்டிவிட்டு, புளியங்கொட்டைகளை வலது கையால் எடுத்து டம்ளரில் போடச் சொன்னார். விரல்களால் வாரினான், சிதறியது. கட்டைவிரலின் அடியை அவர் லேசாகத் தாங்கிப் பிடித்ததும் ஒன்று அகப்பட்டது. "மாமா, பாருங்க!" என்று கத்தினான். அப்புறம் உறையைக் கழற்றிவிட்டு வேர்க்கடலை. வலது கை பிடித்துக்கொள்ள, இடது கை உடைக்கும்.

நல்ல கையைச் சிறிது நேரம் அடக்கிவைத்துப் பலவீனமான கைக்கு வேலை கொடுப்பது, பிறகு இரண்டையும் சேர்த்துப் பழக்குவது: இரண்டுமே ஆய்வுகளில் பலன் தெரிந்த முறைகள். உறை போடுவது ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைகளுக்கானது. அதையும் தெரபிஸ்ட் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வெறுமனே நீவுவதாலும் இழுத்துவிடுவதாலும் கை வேலைக்குப் பழகாது. பிள்ளையே முயன்று, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். மையத்தில் கிடைக்கும் நேரம் அதற்குக் காணாது, மீதி வீட்டில்தான் நடக்க வேண்டும். தங்கச்சி பூக்கட்டும்போது மல்லி மொட்டுகளை எடுத்துக் கொடுப்பது இப்போது அவன் வேலை. நசுங்கின மொட்டுக்கு அவள் திட்டுவதில்லை.

போய்வருவதுதான் கஷ்டம். இரண்டு பஸ் மாற வேண்டும், அறுவடை நாளில் கூட வர ஆள் கிடைக்காது. இனி ஆட்டோ வாடகையை நான் அனுப்புவதாகப் பேசியிருக்கிறோம்.

பள்ளி வயது வராத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், மாவட்டத்தின் பெரிய அரசு மருத்துவமனையில், வளர்ச்சிக் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டறிந்து சிகிச்சை தரும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று விசாரியுங்கள். 2013இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் வருவது, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள். கை மூடியே இருக்கிறதே என்று சந்தேகம் வந்த உடனே கூட்டிப்போங்கள்.